குதிரைப் பந்தயமும் சூதும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஃபிக்ஹு நூல்களில் 'அல்முஸாபகா' என்றொரு பாடம் உண்டு. குதிரையோட்டம், ஒட்டகவோட்டம், அம்பெய்தல் ஆகிய போட்டிகளின் விதிகளை உரைக்கும் பாடம் அது. அப்பாடத்தை நடத்துகையில் மாணவர்களிடமிருந்து புதிய வினாக்கள் எழுவதை நாம் கண்டு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுப்பிய வினா இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்றபின் அரபு கற்க வந்தவர் அவர். "உஸ்தாத், குதிரைப் பந்தயம் திறமைக்குரிய விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. குதிரையின் பரம்பரை, முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஓட்டுபவரின் தேர்ச்சி எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பணம் கட்டி, ஆண்டுக் கணக்கில் ஆதாயமும் பெறுகிற ஒருவரைச் சூதாடி என்று எவ்வாறு சொல்வது?" என்று அவர் கேட்டார். அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் இதே வாதத்தைக் கூறிக்கொண்டு வீட்டு நகைகளை அடகு வைத்திருந்தார் என்பது பின்னரே நமக்குத் தெரிய வந்தது.

அவ்வினாவினுள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி நெடுங்காலம் ஆதாயம் பெற இயலுமா என்பது ஒன்று. இயலுமாயின் அது சூது என்னும் பெயரிலிருந்து நீங்கிவிடுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை காண ஹாங்காங் வரை செல்ல வேண்டும். பின்னதற்கு மதீனாவுக்குச் செல்ல வேண்டும். காலத்தால் முந்தியதிலிருந்தே தொடங்குவோம்.

அரபியரும் குதிரையும்

அரபியர்தம் வாழ்வில் குதிரை பெற்றிருந்த இடத்திற்கு அவர்தம் மொழியே சான்று. ஓட்டத்தில் முதலாவதாக வரும் குதிரைக்கு 'முஜல்லீ' என்றும், அதன் பின்புறத்தை ஒட்டி இரண்டாவதாக வருவதற்கு 'முஸல்லீ' என்றும், கடைசியாக வருவதற்கு 'ஸுகைத்' என்றும் தனித்தனிப் பெயர்கள் வழங்கின. குதிரைகளின் வமிசாவளியைத் தொகுத்து இப்னுல் கல்பீ தனி நூலே இயற்றினார்.

அந்த அன்பே பேரழிவுக்கும் வித்திட்டது. ஜாஹிலிய்யாக் காலத்தின் பெரும் போர்களுள் ஒன்றான தாஹிஸ் – கப்ரா போர் ஒரு குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது. அப்ஸ் குலத்தின் கைஸ் இப்னு ஸுஹைரும், துப்யானின் கிளையான ஃபஸாராவைச் சேர்ந்த ஹுதைஃபா இப்னு பத்ரும் ஒட்டகங்களைப் பணயமாக வைத்துக் குதிரைகளை ஓடவிட்டனர். பணய ஒட்டகங்கள் எத்தனை என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. தாஹிஸ் முந்தி வருகையில் வழியில் பதுங்கியிருந்த ஆட்கள் அதை மடக்கித் திருப்பினர். அவர்கள் ஹுதைஃபா ஏவியவர்கள் என்பது வரலாறு. யார் வென்றார் என்ற பூசல் கொலையாகி, கொலை பழியாகி, பழி போராக முற்றியது. அது நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக அரபு வரலாற்று மரபு கூறுகிறது. இறுதியில் ஹரிம் இப்னு ஸினானும் ஹாரிஸ் இப்னு அவ்ஃபும் கொலையுண்டோருக்கான இழப்பீட்டைத் தம் செல்வத்திலிருந்து ஏற்றுச் சமாதானம் செய்தனர். ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் முஅல்லகா போற்றுவது இவ்விருவரையே. சில ஒட்டகங்களுக்கான பந்தயத்தின் கணக்கை, அதில் பங்கே பெறாத இருவர் தம் மந்தைகளைக் கொண்டு தீர்க்க வேண்டியதாயிற்று. மதுவும் சூதும் மனிதரிடையே பகைமையை மூட்டும் என்று திருமறை பின்னர் எச்சரித்தபோது, அதைக் கேட்ட அரபியருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

பத்து அம்புகள்

திருமறை விலக்கிய 'மைஸிர்' என்பது யாது? ஸமக்ஷரீ முதலிய விரிவுரையாளர்கள் அதை விரித்துரைக்கின்றனர். பஞ்சம் மிகுந்த குளிர்காலத்தில் செல்வர்கள் கூடி ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளை ஒரு பையிலிட்டுக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றை எடுப்பர். ஏழு அம்புகளுக்கு முறையே ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. ஏழு பங்கு பெறும் அம்பிற்கு 'முஅல்லா' என்று பெயர். எஞ்சிய மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வாய்த்தவர்களே ஒட்டகத்தின் முழு விலையையும் கொடுக்க வேண்டும்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. வென்றவர் அவ்விறைச்சியைத் தாம் உண்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்துப் பெருமை பேசுவார். இவ்வாட்டத்தில் சேராதவரைக் கஞ்சன் என்று பழிப்பர். எனவே அன்றைய அரபியரின் பார்வையில் மைஸிர் ஒரு கொடைச் செயல்! மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, எனினும் அவற்றின் பாவம் பயனினும் பெரிது என்னும் கருத்துப்பட அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அமைந்திருப்பதன் நுட்பம் இங்குதான் விளங்குகிறது. இறைவன் பயனை மறுக்கவில்லை. பயன் இருப்பதை ஒப்புக்கொண்டே, பின்னர் அருளிய வசனத்தில் அதை முற்றாக விலக்கினான். ஆகவே, சூதில் ஒருவர் ஆதாயம் பெற்றார் என்று எவரேனும் மெய்ப்பித்தால் அதனால் நம் மார்க்கத்தின் நிலைப்பாடு அசைந்துவிடாது. ஆதாயம் வருமா என்ற வினாவை அச்சமின்றி ஆராய நமக்கு உரிமை தருவதும் இவ்வசனமே.

மதீனாவின் ஓட்டக்களம்

சூதை விலக்கிய மார்க்கம் குதிரையோட்டத்தை விலக்கவில்லை, ஊக்குவித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயிற்சி அளித்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அது ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் ஓடவிட்டார்கள். அவ்வோட்டத்தில் தாமும் கலந்துகொண்டதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. பயிற்சி பெற்றதற்கு ஒரு தொலைவு, பெறாததற்கு ஒரு தொலைவு என்று பிரித்திருப்பது, இது பொழுதுபோக்குக் கூத்தன்று. உயிரினத்தின் இயல்பறிந்த பயிற்சி என்பதைக் காட்டுகிறது.

தோல்வியை ஏற்கும் பண்பும் அக்களத்தில் கற்பிக்கப்பட்டது. எவராலும் முந்த இயலாதிருந்த அண்ணலாரின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை, ஒரு கிராமத்து அரபியின் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைக் கூறி அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள்.

பரிசுப் பொருள் பற்றிய சட்டத்திற்கு வருவோம். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றில் அன்றிப் பரிசுப் பணயம் இல்லை என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். இதனடிப்படையில் இமாம்கள் வகுத்த விதிகளைச் சுருக்கிக் கூறலாம். ஆட்சியாளரோ போட்டியில் சேராத வேறொருவரோ பரிசளித்தால் அது கூடும். போட்டியிடும் இருவருள் ஒருவர் மட்டும், "நீ என்னை முந்தினால் இப்பொருள் உனக்கு" என்று வைத்தாலும் கூடும். இருவருமே பணயம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுப்பதென்றால் அது சூது. ஒரு வழி மட்டுமே உண்டு: எப்பணயமும் வைக்காத, வெல்லும் வாய்ப்பு மெய்யாகவே உடைய மூன்றாமவர் ஒருவர் குதிரையுடன் களத்தில் இறங்க வேண்டும். 'முஹல்லில்' எனப்படும் இவர் சேர்ந்தால் அது கூடும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ, ஹன்பலீ மத்ஹபுகளின் நிலை. மாலிக்கீ மத்ஹபின் அறியப்பட்ட கருத்து அதையும் ஏற்பதில்லை. இமாம் இப்னு தைமிய்யாவும் அவர்தம் மாணவர் இப்னுல் கையிமும் முஹல்லில் தேவையில்லை என்றனர்; இப்னுல் கையிம் தம் 'அல்ஃபுரூஸிய்யா'வில் இதை விரிவாக வாதிடுகிறார். எனினும் அவ்விருவரின் சலுகையும் களத்தில் இறங்கிப் போட்டியிடுவோருக்கே உரியது. குதிரையை வளர்க்காமல், ஓட்டாமல், வேலிக்கு வெளியே நின்று பிறர் குதிரைமீது பணம் கட்டுவதற்கு இவர்களின் சொல்லில் இடமில்லை.

இவ்விதிகளில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், இமாம்கள் எங்கும் "இது திறமையா, தற்செயலா?" என்று கேட்கவேயில்லை. அம்பெய்தலைக் காட்டிலும் திறமைக்குரிய போட்டி ஒன்றைக் காட்ட இயலுமா? அதிலும் இருபுறமும் பணயம் வைப்பதைப் பெரும்பான்மையினர் தடுத்தனர். அவர்கள் கேட்ட வினா ஒன்றே: வென்றவர் எடுக்கும் பொருள் யாருடைய பையிலிருந்து வருகிறது?

பொதுத்தொகையின் கணக்கு

இதே வினாவைக் கைக்கொண்டு நவீனப் பந்தயத்திடலுக்குள் நுழைவோம். 1860களில் பாரிஸ் நகரில் ஜோஸஃப் ஓலர் என்பவர் ஒரு புதிய முறையைக் கொணர்ந்தார். பணம் கட்டுவோர் அனைவரின் தொகையும் ஒரே பொதுத்தொகையில் சேரும். நடத்துவோர் தம் பங்கைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை வென்ற குதிரைமீது கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பர். 1891இல் பிரெஞ்சு அரசு இம்முறையைச் சட்டமாக்கியது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள எல்லர்ஸ்லி திடலில், பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸ் உருவாக்கிய கணக்கிடும் இயந்திரம் நிறுவப்பட்டது. 'டோட்' என்று பந்தயக்காரர்கள் வழங்கும் டோட்டலைசேட்டர் அதன் வழிவந்ததே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் ஓட்டத்திற்கு 1,00,000 ரூபாய் சேர்கிறது என்க. நடத்துவோரின் பங்கும் வரியுமாக 20 விழுக்காடு கழிகிறது என்க. மீதி 80,000 ரூபாயே கட்டியவர்களுக்குத் திரும்பும். யார் வென்றாலும் தோற்றாலும், கூட்டம் முழுவதையும் ஒரே மனிதராகக் கொண்டால், அம்மனிதர் ஒவ்வோர் ஓட்டத்திலும் 20 விழுக்காடு இழக்கிறார். திரும்பிய பணத்தை அவர் மீண்டும் மீண்டும் கட்டினால் 100 ரூபாய் 80 ஆகி, 64 ஆகி, ஐந்தாம் ஓட்டத்தின் முடிவில் 33 ரூபாயளவில் நிற்கும். பத்தாம் ஓட்டத்தின் முடிவில் 11 ரூபாய்கூட இராது.

ஒருவர் மட்டும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாதா? இயலும், ஆனால் அதற்கொரு விலை உண்டு. குதிரை வெல்ல ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டெனக் கூட்டம் மதிப்பிட்டிருந்தால், அதன் மெய்யான வாய்ப்பு நான்கில் ஒன்றாக இருந்தால்தான் நம் மனிதருக்கு நட்டமில்லை; ஆதாயத்திற்கு அதற்கு மேலும் வேண்டும். அத்தகைய பிழையைக் கூட்டம் செய்ய வேண்டும். அதை அவர் மட்டுமே கண்டறிய வேண்டும். அதுவும் ஒருமுறையன்று, ஆண்டுக் கணக்கில்.

கூட்டம் பிழை செய்வதுண்டு என்பதும் மெய்யே. வெல்லும் வாய்ப்பு மிகுந்த குதிரையைக் குறைவாகவும், வாய்ப்பு அருகிய குதிரையை மிகையாகவும் மக்கள் மதிக்கின்றனர் என்பதை அமெரிக்க உளவியலார் கிரிஃபித் 1949இல் எடுத்துக் காட்டினார். சிறு தொகைக்குப் பெருந்தொகை கிட்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம் எனலாம். ஆயினும் இப்பிழை பெரும்பாலும் நடத்துவோரின் பங்கைத் தாண்டும் அளவிற்குப் பெரிதன்று. வாய்ப்பு மிகுந்த குதிரைகளையே நாடிக் கட்டுபவர் மற்றவரினும் மெதுவாக இழப்பார், அவ்வளவே.

ஹாங்காங் சொல்லும் பாடம்

எனினும், வென்றவர் எவருமில்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். ஆங்கிலேயர் ஹாங்காங்கில் 1840களில் ஹேப்பி வேலியில் குதிரையோட்டத்தைத் தொடங்கினர். 1884இல் அங்கு ஜாக்கி கிளப் அமைந்தது. இரண்டே திடல்கள், மீண்டும் மீண்டும் ஓடும் அதே குதிரைகள், ஒழுங்காகப் பதிவாகும் தரவுகள், மாபெரும் பொதுத்தொகை என்னும் நான்கும் ஓரிடத்தில் கூடிய அரிய இடம் அது. 1980களின் நடுவில் அமெரிக்கரான வில்லியம் பென்டரும் ஆஸ்திரேலியரான ஆலன் வூட்ஸும் அங்குச் சென்றனர். சீட்டாட்டத்தில் கணக்கிட்டு வெல்லும் கலையில் முன்பே தேர்ந்தவர்கள் அவர்கள். போல்டன், சாப்மன் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட புள்ளியியல் முறையைப் பென்டர் தம் கணினியில் வளர்த்தெடுத்தார்.

தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கொண்டு சென்ற முதலின் பெரும்பகுதி கரைந்தது. பின்னரே பென்டர் ஓர் உண்மையைக் கண்டார். 1994இல் தாம் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் அதை அவரே விளக்கியுள்ளார். தம் கணினியின் மதிப்பீடு மட்டும் போதாது. கூட்டத்தின் மதிப்பீட்டையும் அதனுடன் இணைத்தால்தான் ஆதாயம் கிட்டும். அதாவது, கூட்டம் பெரும்பாலும் சரியாகவே மதிப்பிடுகிறது. எங்குச் சற்றே பிழைக்கிறதோ அங்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். இம்முறையால் அவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். எனவே மாணவரின் முதல் வினாவிற்கு விடை, "இயலும்" என்பதே. ஆனால் யாருக்கு? ஆண்டுக் கணக்கில் தரவு சேர்க்கும் பணிக்குழு, நட்டத்தைத் தாங்கும் முதல், தேர்ந்த கணிதம், ஆழமான பொதுத்தொகை ஆகியன வாய்த்த ஓரிருவருக்கு. அவர்களுக்கும் எல்லையுண்டு. அவர்கள் மிகுதியாகக் கட்டினால் அப்பணமே அக்குதிரையின் பரிசு விகிதத்தைக் குறைத்துவிடும்.

இப்போது நம் வினாவைக் கேட்போம். அச்செல்வம் யாருடைய பையிலிருந்து வந்தது? முன்னைய எடுத்துக்காட்டிற்கே மீள்வோம். 1,00,000 ரூபாயில் வல்லுநர் ஒருவர் 10,000 கட்டி 11,000 பெறுகிறார் என்க. மற்றவர்கள் கட்டிய 90,000 ரூபாயில் 69,000 மட்டுமே அவர்களுக்குத் திரும்பும். 20 விழுக்காடாக இருந்த அவர்களின் இழப்பு 23 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. நடத்துவோர் ஒரு காசும் இழக்கவில்லை. வல்லுநரின் திறமைக்கான கூலியை, கணினியும் கணிதமும் அறியாத கடைச்சிப்பந்தியும் கப்பல் கூலியாளும் கொடுக்கின்றனர்.

ஹாங்காங் ஜாக்கி கிளப் இலாப நோக்கற்றது. மருத்துவமனைகளுக்கும் கல்விக்கும் பெருந்தொகை வழங்குகிறது. அதைப் படிக்கையில் ஏழைகளுக்கு இறைச்சி வழங்கிய முஅல்லா அம்பின் உரிமையாளர் நம் நினைவுக்கு வருகிறார். பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. வெற்று அம்பு பெற்றவர்களே விலை கொடுத்தனர் என்பதும் மறுப்பதற்கில்லை. அன்று விலை கொடுத்தவர்களாவது செல்வர்கள்.

கிண்டியும் நீதிமன்றமும்

சென்னையில் குதிரையோட்டம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தோன்றியது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. கிளப் வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்கி நிற்பதால் அது அச்சட்டங்களின்கீழ்ச் சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது. வாடகை நிலுவை பற்றிய நீண்ட பிணக்கின் தொடர்ச்சியாக, 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டித் திடலின் குத்தகையை நீக்கியது தனிக்கதை.

அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் அது எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். வெற்றி குருட்டுத் தற்செயலால் அமைவதன்று என்றே அது சொல்லிற்று. பணம் கட்டுவோர் ஆதாயம் பெறுவர் என்று சொல்லவில்லை. ஹலாலா ஹராமா என்பது அதன் முன்னிருந்த வினாவுமன்று. மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்தின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடாக உயர்ந்துள்ளது. 17 விழுக்காட்டுக் கழிவையே ஹாங்காங்கின் வல்லுநர்கள் அரும்பாடுபட்டுத் தாண்டினர் என்பதை நினைவிற் கொண்டால், இங்கு ஒருவர் கையேட்டைப் புரட்டித் தாண்டிவிடுவார் என்று நம்ப இடமில்லை.

வணிகமும் பந்தயமும்

"வணிகத்திலும் ஆதாயமும் நட்டமும் உண்டே, பங்குச்சந்தையிலும் ஊகம் உண்டே" என்று அம்மாணவர் தொடர்ந்து கேட்டார். நல்ல வினாவே. வணிகத்தில் துணி கைமாறுகிறது, அரிசி கைமாறுகிறது. விற்றவருக்குப் பணம் பயன்படுகிறது. வாங்கியவருக்குப் பொருள் பயன்படுகிறது. இருவரும் மகிழ்ந்து பிரிய இடமுண்டு. பொதுத்தொகையில் கைமாறும் பொருள் ஏதுமில்லை. ஒருவர் மகிழ வேண்டுமாயின் மற்றவர் இழந்தேயாக வேண்டும். இடையில் கழிவும் இருப்பதால், மகிழ்பவர் பெறுவதைவிட வருந்துபவர் இழப்பது எப்போதும் மிகுதி. ஊகமே முழுமையாகிப் பொருளே மறைந்துவிட்ட வணிகம் எங்கு நடந்தாலும் அதற்கும் இவ்வினா பொருந்தும்.

இனி இரண்டாம் வினாவிற்கு விடை தெளிவு. திறமை, சூதைச் சூதல்லாததாக ஆக்குவதில்லை. திறமையற்றவரின் பையைத் திறமையுள்ளவர் விரைந்து காலி செய்ய உதவுகிறது, அவ்வளவே. குதிரையை வளர்ப்பதும் ஓட்டுவதும் ஓட்டத்தைக் கண்டு மகிழ்வதும் நம் மரபில் நற்செயல்கள். பொதுநிதியிலிருந்து பரிசளிப்பதும் நம் மரபே. வேலிக்கு வெளியே நின்று ஒருவர் இன்னொருவரின் இழப்பை எதிர்நோக்கிக் காத்திருப்பது மட்டுமே நம் மரபன்று.

அம்மாணவரிடம் நாம் நீண்ட உபதேசம் செய்யவில்லை. "உங்கள் உறவினரிடம் ஒரு குறிப்பேடு கொடுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகையையும், திரும்பிய ஒவ்வொரு தொகையையும் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். வென்றதை மனம் நினைவில் வைக்கும், தோற்றதை ஏடு நினைவில் வைக்கும்" என்று மட்டும் கூறினோம். நான்கு மாதங்களுக்குப் பின் அம்மாணவர் வந்து, உறவினர் திடலுக்குச் செல்வதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நகைகளில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. எஞ்சியது ஏலத்தில் போய்விட்டது. அவை அவருடைய மனைவிக்குத் தாய்வீட்டார் அளித்தவை. பொருள் யாருடைய பையிலிருந்து வருகிறது என்ற இமாம்களின் வினாவிற்கு, அவ்வீட்டைப் பொறுத்தவரை விடை அதுதான்.

வல்லாஹு அஃலம்.